ரேடியோ அக்கா வாயடைத்துப்போன காலம்

அந்த பிஸ்கட் தொழிற்சாலையின் பேக்கிங் ஹாலுக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் இயந்திரங்களின் இரைச்சல் கேட்கும். அதையும் மீறி ஒரு பெண்ணின் குரல் கேட்கும். நடு வரிசைக்கு லீடராக இருந்தவளின் குரல் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவள் ரேடியோ, இளையவர்களுக்கு ரேடியோ அக்கா. அணைக்கவே வழியில்லாத ரேடியோ என்று ஒரு மெக்கானிக் எப்போதோ சலித்துக்கொண்டது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. பேசாமல் இருந்தால் இந்தச் சத்தத்தில் காது போய்விடும், என் குரலைக் கேட்டுத்தான் காது உயிரோடு இருக்கிறது என்பாள்.

வாயைப் போலவே கையும் சும்மா இருக்காது. வரிசையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் பாக்கெட்டுகள் நகர்ந்து வரும் பெல்ட் நின்றுவிடும். பாக்கெட் காலியாக வந்தால் அழுத்துவாள், ஒட்டு பிரிந்திருந்தால் அழுத்துவாள், இயந்திரத்தில் சிக்கியதை எடுக்க யாராவது கையை நீட்டினால் ஓடிவந்து அழுத்துவாள். "காத்தை விக்கிறதுக்கு இது என்ன பலூன் கம்பெனியா?" என்று காலிப் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினால் ஹாலே சிரிக்கும். பழைய முதலாளி ஒருநாள் அந்தப் பக்கம் வந்தபோது பெல்ட் நின்றிருந்தது. அந்தம்மா நிறுத்தினால் ஏதாவது காரணம் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தையை அவள் பல வருஷம் வீட்டில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

அதே வரிசையில் பாக்கெட்டின் வாயைச் சூடாக்கி ஒட்டும் இயந்திரத்தை ஓட்டியவள் பசை. ஒட்டுகிற வேலை என்பதாலும், வேலை முடிந்ததும் ரேடியோவின் கூடவே ஒட்டிக்கொண்டு நடப்பாள் என்பதாலும் வந்த பெயர். ரேடியோவைவிடச் சில வயது சின்னவள். கட்டியவன் பாதியில் விட்டுவிட்டுப் போனதும் அண்ணன் வீட்டில் பின்னறையில் இருந்தாள். சர்க்கரை நோய் வேறு. மாத்திரை போட்டாயா என்று தினமும் மதியம் கேட்பது ரேடியோவின் வேலைகளில் ஒன்று. இருவரும் டப்பாவைத் திறந்தால் எது யாருடைய சாப்பாடு என்று தெரியாது.

பழைய முதலாளி போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் தொழிற்சாலையை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றார்கள். புது மேனேஜர் வந்தார். நல்ல மனிதர், அதிர்ந்து பேச மாட்டார், யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்வார். எல்லாரையும் ஹாலில் கூட்டி வைத்துப் பேசினார். ஆட்களைக் கொஞ்சம் சீரமைக்க வேண்டியிருக்கும் என்றார். அது என்ன என்று ஒருவர் கேட்டதற்கு, "நல்லா வேலை செய்யறவங்க யாரும் பயப்பட வேண்டியதில்லை" என்றார்.

அன்றைக்குத்தான் எல்லாருக்கும் பயம் பிடித்தது. யார் நல்லவர் என்று எதை வைத்துப் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள், எத்தனை பேரை அனுப்புவார்கள் என்று எதுவுமே தெரியாது. தெரிந்திருந்தால் அழுதுவிட்டு அடுத்த வேலையைத் தேடியிருப்பார்கள். தெரியாததால் ஒவ்வொரு நாளும் அன்றைக்குத்தான் பரீட்சை என்பதுபோல் வந்தார்கள்.

சில நாளில் ஹாலின் சுவரில் ஒரு திரை மாட்டினார்கள். எந்த வரிசை எவ்வளவு நேரம் நின்றது என்று அது காட்டும். நிற்காமல் ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. அதைப் பற்றி மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை.

மனிதர்கள் மாறிப்போனார்கள். காய்ச்சலோடு வந்து, மாவுக் கலவைப் பகுதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார் ஒரு பெரியவர். வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, அவரும் போகவில்லை. அடுப்புப் பகுதியில் ஓரம் கருகாமல் எடுக்கும் பக்குவம் தெரிந்தவர் அதைப் பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். அவன் கேட்டால், எல்லாம் அனுபவத்தில் வரும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். யார் எவ்வளவு நேரம் கழிப்பறையில் இருந்தார்கள் என்று மேல்மாடியில் மேனேஜர் அறைக்குச் சேதி போனது. கொண்டுபோனது யார் என்று தெரியாததால் எல்லார் மேலும் எல்லாருக்கும் சந்தேகம். மதியச் சாப்பாட்டில் நாற்காலிகள் தள்ளித் தள்ளிப் போயின. மேனேஜர் சாதாரணமாக ஏதாவது சொன்னால்கூட முன்வரிசையில் கைதட்டினார்கள்.

இத்தனைக்கும் வேலை உருப்படியாக நடந்ததா என்றால் இல்லை. திரை முழுக்கப் பச்சை. ஆனால் கடைகளிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஒட்டு பிரிந்தவை, நொறுங்கியவை, நமுத்துப்போனவை. முன்பெல்லாம் பெல்ட்டிலேயே பிடிபட்ட பிழைகள் இப்போது பெட்டிக்குள் போய் லாரியேறிப் போயின. பார்த்தவர்கள் பார்க்காததுபோல் இருந்தார்கள். பார்த்தேன் என்றால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் சிவப்பு.

ரேடியோவும் நிறுத்துவதை நிறுத்தினாள். முதல் தடவை ஒரு பாக்கெட் வாய் பிரிந்து போனபோது கை தானாகப் பொத்தானுக்குப் போனது. கண் திரைக்குப் போனது. கையை இழுத்துக்கொண்டாள். அந்தப் பாக்கெட் பெட்டிக்குள் விழுந்து மறைந்தது. ஒன்றும் ஆகவில்லை. அடுத்தது அதைவிடச் சுலபமாக இருந்தது. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. சிரிக்க வைத்தால் வேலை நேரத்தில் அரட்டை என்பார்களோ என்று முதலில் குரலைத் தாழ்த்தினாள். பிறகு அவசியத்துக்கு மட்டும் பேசினாள். வரிசையில் நிற்கும் ஒவ்வொருத்தியையும் பார்த்து, இவளை அனுப்புவார்களா, என்னையா என்று மனசு ஓயாமல் எடை போட்டது. பசையைப் பார்த்தும் ஒருநாள் அப்படி நினைத்துவிட்டாள். அன்று மதியம் மாத்திரை போட்டாயா என்று கேட்க மறந்துபோனாள்.

வீட்டில் அவளும் கணவரும் மகளும்தான். கணவர் குழாய் வேலை செய்கிறவர். முதுகு பிசகியதிலிருந்து குனிந்து செய்யும் வேலைகளை விட்டுவிட்டார். குழாய் வேலையில் குனியாமல் செய்வது எது என்று அவரே கேட்டுச் சிரிப்பார். மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. வீட்டைத் தாங்கியது பிஸ்கட்தான். அங்கேயும் ரேடியோ வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எரிச்சல்தான் வந்தது. துணி மடிக்கவில்லை என்று மகளைப் போட்டுத் தாளித்தாள்.

"வீட்ல ஒரு ஆள் குறைஞ்ச மாதிரி இருக்கும்மா" என்றாள் மகள்.

அவள் துணியை இழுத்துப் போட்டுத் தானே மடிக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பசையின் இயந்திரம் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பாக்கெட்டின் வாயை அழுத்தி ஒட்டும் சூடான இரும்புத் தாடைகளுக்கு நடுவில் பாக்கெட் உறை சுருண்டு சிக்கிக்கொள்ளும். தாடைக்கு முன்னால் கண்ணாடி மூடி ஒன்று உண்டு. அதைத் திறந்தால் இயந்திரம் தானாக நின்றுவிடும். கை மாட்டாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. சிக்கும்போதெல்லாம் மூடியைத் திறந்தாள் பசை. திறக்கும்போதெல்லாம் திரையில் சிவப்பு. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் பாதி நாள் நிறுத்தச் சொல்வான். கம்பெனிக்காரர்கள் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிற வாரம் வேறு.

பக்கத்து வரிசைக்காரி ஒரு வித்தை கண்டுபிடித்திருந்தாள். மூடியின் ஓரத்தில் இருக்கும் சின்ன சுவிட்சை டேப் போட்டு அழுத்தி ஒட்டிவிட்டால், மூடி திறந்திருந்தாலும் இயந்திரம் ஓடும். பசை ரேடியோவைப் பார்த்தாள். பழைய ரேடியோவாக இருந்தால் அந்த யோசனை சொன்னவளின் காதைத் திருகியிருப்பாள். இப்போதைய ரேடியோ தன் மேசை இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்துக் கொடுத்தாள். "பார்த்துப் பண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

அது நடந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. ரேடியோ திரும்பிப் பார்த்தபோது பசை வலது கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. ஓடுகிற தாடைக்குள் விரலை விட்டு உறையை இழுத்திருக்கிறாள், தாடை மூடிவிட்டது. இரண்டு விரல்களின் நுனி நசுங்கி, தோல் வெந்து வெளுத்திருந்தது. ரேடியோ ஓடிவந்தாள். கை சிவப்புப் பொத்தான் வரைக்கும் போனது.

"நிறுத்தாதக்கா" என்றாள் பசை. "வேணாம். நிறுத்தினா எழுதுவாங்க. சம்பளம் வர்ற வரைக்கும்தான் அந்த வீட்ல நான் தங்கச்சி. உனக்குத் தெரியாதா?"

ரேடியோவுக்குத் தெரியும். தன் வரிசையில் ஒரு விபத்து என்று பதிவானால் தன் கதி என்ன என்பதும் தெரியும். இரண்டில் எது அவள் கையைத் தடுத்தது என்று பின்னால் எத்தனையோ முறை தன்னைக் கேட்டுக்கொண்டாள். பசைக்காகத்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. அதை அவளாலேயே நம்ப முடியவில்லை.

பொத்தானை அழுத்தாமல் பசையின் இடத்தில் தான் நின்றுகொண்டு, அவளைக் குழாயடிக்கு அனுப்பினாள். பிறகு துணி சுற்றி, அதன் மேல் ரப்பர் கையுறை மாட்டிவிட்டாள். "மேலிடத்து ஆளுங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அதுவரைக்கும் பொறுத்துக்கோடி" என்றாள்.

பசை பொறுத்துக்கொண்டாள். இடது கையால் ஓட்டினாள். கனமான உறைச் சுருளைத் தூக்கி மாட்டும்போது யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ரேடியோ வந்து கைகொடுத்தாள். வீட்டில் காயம் அண்ணிக்குத் தெரியாதபடி பசை ஒரு கையாலேயே பாத்திரம் தேய்த்தாள். காய்ச்சல் அடித்தது. சர்க்கரை உடம்பு, புண் உள்ளுக்குள்ளேயே புரையோடிக்கொண்டிருந்தது. கையுறையைக் கழற்றிப் பார்க்க இருவருக்கும் பயம். எப்படி இருக்கிறது என்று ரேடியோ கேட்பாள், பரவாயில்லை என்று பசை சொல்வாள், கேட்டவளுக்கும் சொன்னவளுக்கும் அதோடு ஒரு நாள் கழிந்துவிடும். மேலிடத்துக்காரர்கள் வெள்ளைத் தொப்பி மாட்டிக்கொண்டு வந்தபோது நடு வரிசை பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவர் ரேடியோவைப் பார்த்துத் தலையசைத்துப் பாராட்டினார். அவள் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் பசையின் முகம் சாம்பலாகியிருந்தது.

அவர்கள் கார் ஏறிய கொஞ்ச நேரத்தில் பசை இயந்திரத்தின் மேலேயே சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் கையுறையை வெட்டி எடுத்தபோது வந்த நாற்றத்தில் நர்ஸே ஓர் அடி பின்வாங்கினாள். ஏன் இவ்வளவு நாள் காட்டவில்லை என்று டாக்டர் கூட வந்தவளிடம் கோபித்துக்கொண்டார். கூட வந்தவள் ரேடியோதான். இரண்டு விரல்களையும் அடியோடு எடுக்க வேண்டியதாகிவிட்டது.

விசாரணை மேல்மாடி அறையில் நடந்தது. மேனேஜரும் பணியாளர் பிரிவு அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்திவைத்து, உட்காருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். பாதுகாப்பு சுவிட்சில் டேப் ஒட்டியிருந்தது, காயத்தை மறைத்திருக்கிறார்கள், இரண்டும் கடுமையான குற்றம் என்றார். பிறகு கேட்டார்.

"வரிசை லீடர் நீங்க. உங்களுக்கு இது தெரியுமா?"

சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் படியேறினாள். டேப் என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தாள். மகளின் படிப்பு, கணவரின் முதுகு, மாத வாடகை எல்லாம் ஒரே மூச்சில் வந்து அந்த வார்த்தையை அமுக்கின.

"தெரியாது சார்" என்றாள்.

"அப்போ அவங்களாவே ஒட்டியிருக்காங்க."

அதற்கு அவள் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பணியாளர் பிரிவு அம்மா ஏதோ எழுதிக்கொண்டார். அந்த வாரமே பசையை வேலையிலிருந்து நீக்கினார்கள். தன் தவறால் வந்த காயம் என்பதால் நஷ்டஈடும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசியில் வேறு சிலரையும் அனுப்பினார்கள். அவர்களில் காய்ச்சலோடு வந்து நின்ற பெரியவரும் ஒருவர். ரேடியோவை அனுப்பவில்லை.

வேலை தப்பியது. ஆனால் வேலை செய்ய அவளால் முடியவில்லை. புதிதாக ஒட்டும் இயந்திரத்துக்கு வந்த பெண் மூடிப் பக்கம் கையைக் கொண்டுபோனாலே இவள் பதறி ஓடிவந்தாள். ஒன்றுமில்லாததற்குப் பெல்ட்டை நிறுத்தினாள். நிறுத்த வேண்டிய இடத்தில் மரம்போல் நின்றாள். பெட்டிகளை மாற்றி அடுக்கினாள். என்ன அக்கா ஆச்சு என்று கேட்டவர்களை வெறித்துப் பார்த்தாள்.

பசையைப் பார்க்கப் போக மனசைத் தேற்றிக்கொள்ளச் சில வாரம் ஆயிற்று. அண்ணி கதவைத் திறந்துவிட்டு, பின்னறையைக் கையால் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். பசை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள். ரேடியோ விசாரணையில் சொன்னதைச் சொன்னாள். அழுதாள். பசை அழவில்லை.

"தெரியும்" என்றாள். "நானா இருந்தாலும் அதையேதான் சொல்லிருப்பேன். அதை நினைச்சாத்தான் எனக்கு ஆத்திரமா வருது."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பாள். இதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. மறுநாள் காலையில் நேராக மேனேஜர் அறைக்குப் போய், டேப் கொடுத்தது நான், காயம் பட்டது அன்றே தெரியும், ஆஸ்பத்திரிக்குப் போக விடாமல் செய்ததும் நான் என்று நின்றபடியே கொட்டிவிட்டாள். மேனேஜர் கதவைச் சாத்தினார். கோபப்படவில்லை. அந்த விஷயம் முடிந்துபோயிற்று என்றார். இப்போது இதைக் கிளறினால் ஒருவருக்குப் போன வேலை இரண்டு பேருக்குப் போகும், வேறு பலனில்லை என்றார்.

"நீங்க சொன்னது என் காதுல விழல. போய் வேலையைப் பாருங்க."

படி இறங்கும்போது பாதியில் நின்றுவிட்டாள். தண்டனை கிடைக்கும் என்று பயந்த காலம்கூட இதைவிட நன்றாக இருந்தது. குற்றத்தைச் சொன்னால்கூட வாங்கிக்கொள்ள ஆளில்லை.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தொழிலாளர் அலுவலகத்தில் பசையின் அண்ணன் புகார் கொடுத்திருப்பதாகவும், சாட்சி இல்லாமல் அது நிற்காது என்கிறார்கள் என்றும் அவர் கேள்விப்பட்டிருந்தார்.

"போய்ச் சொல்லு. நான் இன்னும் ரெண்டு வீட்டு வேலை சேர்த்துப் பார்த்துக்கறேன்" என்றார்.

அவரால் முடியாது என்பது இருவருக்கும் தெரியும். பக்கத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மகளுக்கும் தெரியும்.

தொழிலாளர் அலுவலகத்தின் வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. கூப்பிடும்வரை பசையும் ரேடியோவும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. வெயிலில் பசைக்குத் தாகம். பையிலிருந்து பாட்டிலை எடுத்து மடியில் வைத்து, இடது கையால் மூடியைத் திருகிப் பார்த்தாள். வழுக்கியது. முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கித் திருகினாள். ரேடியோவின் கை பாதி தூரம் நீண்டது. பசை மறுபக்கம் திரும்பி, யாரோ ஒரு முதியவரிடம் பாட்டிலைக் கொடுத்து, கொஞ்சம் திறந்து தர முடியுமா என்று கேட்டாள். அவர் திறந்து கொடுத்தார். ரேடியோ கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே அதிகாரி கேட்டதற்கெல்லாம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தெரியும் என்றாள். டேப் என்னுடையது என்றாள். அப்படியானால் உங்கள் மேலும் தவறு இருக்கிறதே என்றார் அதிகாரி. இருக்கிறது என்றாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் குரல் வெளி வராந்தாவரைக்கும் கேட்டது.

தொழிற்சாலையில் அவளை உடனே வெளியேற்றவில்லை. நொறுங்கிய பிஸ்கட்டுகளை மூட்டை கட்டும் பின்கட்டு அறைக்கு மாற்றினார்கள். அங்கே பேச ஆளில்லை. அடுத்த முறை ஆட்களைக் குறைத்தபோது முதலில் போனவர்களில் அவளும் இருந்தாள். அந்த வயதில் எங்கே போய் வேலை கேட்டாலும், அங்கிருந்து ஏன் வந்தீர்கள் என்று கேட்டார்கள். கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போனாள். விசேஷம் உள்ள நாட்களில் மட்டும் கூப்பிடுவார்கள். கணவர் மறுபடியும் குனிந்து வேலை செய்ய ஆரம்பித்து, ஒரு நாள் செய்தால் இரண்டு நாள் படுத்தார். மகள் படிப்பை நிறுத்தவில்லை. நிறுத்திவிடுகிறேன் என்று ஒருமுறை சொன்னாள், மறுமுறை சொல்லவில்லை.

புகார் இன்னும் முடியவில்லை. கம்பெனியின் வக்கீல் ஒவ்வொரு முறையும் தேதி கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார். ரேடியோ ஒரு தடவைகூடத் தவறாமல் போகிறாள். மண்டபத்தில் வேலை இருக்கும் நாளாக இருந்தாலும் சொல்லிவிட்டுப் போகிறாள். பசையும் வருகிறாள். வழக்கைப் பற்றிப் பேசுவாள்; வேறு எதுவும் பேச மாட்டாள்.

போன தடவையும் தேதிதான் கிடைத்தது. பேருந்து நிறுத்தத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். பசையின் பேருந்து தூரத்தில் தெரிந்தது. வருஷக்கணக்காக வா, போ என்றே பேசிப் பழகியவள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அடுத்த தடவையும் வருவீங்களா?"

அந்த 'ங்க' ரேடியோவின் காதில் விழுந்து அங்கேயே நின்றது.

"வருவேன்" என்றாள்.

பசை தலையை ஆட்டிவிட்டு, இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டாள்.